அத்தானின் பல் தடம்

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. போன மாதம் வரை அதற்குள் கறுத்துப்போன ரப்பர் துண்டு ஒன்று இருந்தது. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்குழாயின் நுனியில் மாட்டுவது. சங்கு குளிப்பவர் அதைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் கடலுக்குள் இறங்குவார். கடிப்பதற்கு இரண்டு பக்கமும் சின்னக் குமிழ் உண்டு. வலது குமிழில் மேலும் கீழும் பல் பதிந்திருக்கும். இடது குமிழில் கீழே மட்டும்தான். மேலே வழவழவென்று கிடக்கும். அது என் அத்தானுடையது.

அத்தான் என் அக்காவின் கணவர். இறங்குகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றை, வள்ளத்தில் இருந்தபடி, அவன் மனைவியின் உடன்பிறந்தவன் பிடிப்பது எங்கள் தூத்துக்குடிக் கரையின் பழைய வழக்கம். அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. முத்துக்குளிப்பு நின்றுபோய், சங்குக்குக் கம்ப்ரசர் வந்த பிறகும் எங்கள் வீட்டில் அது மாறவில்லை. ஆறு வருஷம் அத்தானின் கயிறு என் கையில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

மேலே வந்ததும் உப்புக் கரிப்புப் போக அவருக்குச் சில்லுக்கருப்பட்டி வேண்டும். சுக்கு மணக்கிற துண்டை இடது கன்னத்தில் அதக்கினால் கரை சேரும் வரை எடுக்கமாட்டார். அந்தப் பக்கத்துப் பற்கள்தான் முதலில் சொத்தையாயின. எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்தில் தண்ணீர் அமுக்கும்போது பல்லுக்குள் ஆணி அறைந்த மாதிரி இருக்கும் என்பார். ஆனாலும் கிராம்பைத் திணித்துக்கொண்டு மறுபடி இறங்குவார். டாக்டரிடம் போனபோது காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. மேல்வரிசையில் மூன்றைப் பிடுங்கினார்கள்.

அதற்குப் பிறகு புது ரப்பர் ஒன்று மாட்டினோம். சில நாள் கழித்து அதை நல்ல தண்ணீரில் கழுவும்போதுதான் அந்த வழவழப்பைக் கவனித்தேன்.

"என்ன அத்தான் இது?"

"ஒரு பக்கம் கடிச்சாப் போதும் மாப்ளே. ஒங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராத. கடலுக்கு விடமாட்டா."

பல் போனது அக்காவுக்குத் தெரியும். கடலுக்கடியில் அவர் மூச்சைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பல்தான் என்பது, வள்ளம் ஏறாத அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கரையில் அத்தானைப் போல் சங்கு எடுக்க ஆள் கிடையாது. அவர் கயிற்றைப் பிடிப்பவன் என்ற பெயரை விட எனக்கு மனமில்லை.

அடுத்த மாதமே குழாய் அவர் வாயிலிருந்து நழுவியது. கயிறு வெட்டி இழுத்தது. நான் பதறிப்போய் மேலே இழுத்தேன். நின்று நிதானமாக ஏறவேண்டிய ஆழத்தை ஒரே மூச்சில் ஏறிவிட்டார். உயிர் தப்பியது. அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழியிட்டு நரம்பைக் கெடுத்துவிடும்; கால்களில் பாதிப் பலம் போய்விட்டது. கம்ப்ரசர் நின்றுவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அத்தானும் ஆமாம் என்றார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் எனக்கும் இடது பக்கம் மேலே இரண்டு சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள். புண் ஆறியதும் ஏதோ தோன்றி டப்பாவைத் திறந்து, அந்த ரப்பரைக் கடித்துப் பார்த்தேன். இடது பக்கம் பிடி கிடைக்கவில்லை. தலையைத் திருப்பியதும் கீழே விழுந்துவிட்டது. குழாயின் கனம் கூட இல்லாத வெறும் துண்டு. இதை நம்பி அவர் இறங்கியிருக்கிறார், நான் வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழவழப்பான இடத்தில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாசல்ல குறுக்கப் படுத்திருப்பேனேலே."

அப்போது அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று ரப்பரை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரிய வேண்டாம்ல. தாங்கமாட்டாவ" என்றாள்.

ரப்பர் இப்போது அக்காவிடம்தான் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.