இருமுறை மாட்டிய ஃபிலிம் ரோல்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் படங்களைத்தான் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். புரட்டிவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன்.

அண்ணன் திருவள்ளூரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். அம்மா அப்போது நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குடும்பம் குவார்ட்டர்ஸுக்கு வந்தது. நான் பிறந்தது அங்கேதான். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் சேர்ந்தார். "ஊருக்கே உங்க அண்ணன் பேரை வெச்சிட்டாங்களாடி?" என்று என் தோழிகள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். அப்பா அவரைச் செல்லமாக 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்.

பக்கத்து பிளாக்கில் இருந்த விமானப்படை மாமா மாற்றலாகிப் போகும்போது தம் பழைய கேமராவை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ரேஞ்ச்ஃபைண்டர் வகை. லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது; மேல் ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். ஆனால் அண்ணனுக்குப் படம் எடுப்பதைவிட ரோல் மாட்டுவதில்தான் பக்தி அதிகம். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஃபிலிம் நுனியை எதிர்ப்பக்க உருளையில் செருகி, ஓரத்து ஓட்டைகள் பற்களில் உட்கார்ந்தனவா என்று பார்த்த பிறகே மூடுவார். மூடியபின் சுற்றினால் இடப்பக்கக் குமிழ் தானாகத் திரும்ப வேண்டும். அது திரும்பினால்தான் உள்ளே ஃபிலிம் ஓடுகிறது என்று பொருள். வாசலில் பந்தலே விழுந்தாலும் குமிழைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நாளைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று அவரே சைகையில் சொல்லிவிட்டார். சின்னம்மாவை அவருக்குத் துணையாக விட்டுவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதப்பா. மொத்தக் கல்யாணத்தையும் படமா கொண்ணாந்து காட்டுறேன்" என்றார். அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

மண்டபத்தில் அப்பா செய்ய வேண்டிய வேலைகளும் அண்ணன் தலையில் விழுந்தன. முகூர்த்தத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரே ரோலை மாட்ட மணவறைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நுனியைச் செருகிக்கொண்டிருக்கும்போதே, "பொண்ணோட அண்ணன் எங்கப்பா? மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும்" என்று குரல் வந்தது. மூடியைச் சாத்திவிட்டு ஓடினார். மாப்பிள்ளை விரலில் மோதிரத்தைப் போட்டார், அதே கையோடு கேமராவை எடுத்தார். அன்று ஒருநாள் மட்டும் குமிழைப் பார்க்கவில்லை.

தாலி கட்டியதை எடுத்தார், அம்மா கண் துடைத்ததை எடுத்தார். பிறகு நீங்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்றீர்கள். அது முப்பத்தாறு படம் விழும் ரோல். கேமராவில் எண் முப்பத்தெட்டு காட்டியபோது அண்ணனுக்கு ஒரே குஷி. நன்றாக மாட்டிய ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைப்பது உண்டு.

"இன்னாடா, ரோலு இன்னும் தீரலயா?" என்றார் அம்பத்தூர் சித்தப்பா.

"ராசியான ரோலு சித்தப்பா, வந்துகினே கீது."

நாற்பதில் அவர் சிரிப்பு நின்றது. குமிழைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றினார். அது அசையவே இல்லை. பந்தியில் என் பக்கத்தில் வந்து குனிந்து, "ரோல்ல ஒண்ணுமே உழலம்மா. அப்பாவுக்கு இன்னாத்த காட்டுவேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

என் கணவர் காதில் அது விழுந்தது. "படம் எதுக்கு மச்சான்? நாங்களே போய் நிக்கிறோம்" என்றார். ராகுகாலத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்கு, வேலப்பன்சாவடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நேரத்த நான் பாத்துக்கறேன். வண்டிய ஆவடிக்கு உடு" என்று டிரைவரிடம் சொன்னார்.

கூரைப்புடவையும் மாலையுமாக அப்பாவின் கட்டில் முன்னால் நின்றோம். "தாலியத் தொடாதீங்க, மாலைய மட்டும் மறுபடி மாத்துங்க" என்றார் அம்மா. அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீணாகாமல் கிடந்த அதே ரோலை மறுபடி மாட்டினார். மூடியதும் அப்பாவின் இடதுகை விரலை எடுத்துக் குமிழின்மேல் வைத்துச் சுற்றினார்.

"சுத்துது நைனா" என்றார் அப்பா. கோணிப்போன வாயிலிருந்து அந்தச் சொற்கள் தெளிவாக வந்தன. ராகுகாலம் நெருங்கியதால் எங்களை அவர் பக்கத்தில் நிறுத்தி ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது.

அப்பா அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை. அண்ணன் பணிமனையில் நல்ல பெயர் எடுத்து ஓய்வு பெற்றார், அண்ணியை ஒருநாளும் கடிந்துகொள்ளாமல் வாழ்ந்தார், இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். ஆனால் அந்த நாள் மட்டும் அவருக்கு ஆறவே இல்லை. கடைசியாகப் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், "மண்டபத்துல எடுத்தது எதுவும் உழல. ஊட்டுல எடுத்ததுல அப்பா லென்ஸ பாக்கவே இல்ல. கோட்ட உட்டுட்டேன்மா" என்றார். "இப்ப அது எதுக்குண்ணா?" என்று போர்வையை இழுத்துவிட்டேன். சொல்ல வேண்டிய பதிலை இங்கே கடைசியில் எழுதியிருக்கிறேன்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர், இரவும் பகலும் உடனிருந்த பணிமனை நண்பர்கள், குவார்ட்டர்ஸ் அண்டைவீட்டார் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம். அன்று மண்டபத்தில் வேட்டியையும் புடவையையும் சரிசெய்துகொண்டு நின்ற உறவினர்களே, சித்தப்பா உட்பட, உங்கள் படம் ஒன்றுகூட இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் ஒரே கல்யாணப் படத்தை அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். நாங்கள் எல்லோரும் நேராக லென்ஸைப் பார்க்கிறோம். அப்பா மட்டும் சற்றுத் தள்ளி, கேமராவுக்கு வெளியே தெரியும் ஒரு முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் பார்க்கும் இடத்தில்தான் எங்கள் அண்ணன் நிற்கிறார்.