ஜாலான் மாத்தி

மலேசியாவின் ஆயர் குரோ நெடுஞ்சாலையில் முன்னே போன லாரியிலிருந்து ரப்பர் கட்டிப்பாலின் நாற்றம் வந்ததும் எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, வயலும் ரப்பர் காடும் சூழ்ந்த எங்கள் பள்ளத்தாக்கு டவுனில், அந்த நாற்றம் வீசும் கிடங்குச் சந்தின் முனையில் ‘ஜாலான் மாத்தி’ என்று பலகை நின்றது. பள்ளியில் அப்போதுதான் மலாய் படித்திருந்தேன்: ஜாலான் என்றால் சாலை, மாத்தி என்றால் சாவு. அம்மா தினமும் அதற்குள்தான் வேலைக்குப் போவாள். மாலையில் அவள் சைக்கிள் மணி கேட்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.

“போகாதம்மா, செத்துப் போயிருவ!”

“முட்டுச்சந்துலா அது,” என்று சிரிப்பாள். “அதுக்கு மேல ரோடு இல்ல, அவ்வளவுதான்.”

இன்று டவுன் பக்கம் காரைத் திருப்பினேன். புது நெடுஞ்சாலை பழைய சாலையை வெட்டிவிட்டிருந்தது; எங்கள் ஊருக்கு மேல் இப்போது ரோடு இல்லை. வெளியிலிருந்து பார்த்தபோதே கடைகள் எல்லாம் பூட்டு. அந்தப் பலகை இப்போது ஊர் நுழைவாயிலில் நிற்கிறது.

நான் உள்ளே போகவில்லை.