இரும்பு மாமாவுக்குக் கிடைத்த அனுமதி

போன வாரம் எங்கள் முன்பள்ளி வாசலில் ஒரு தாய் என்னை மறித்துக் கைத்தொலைபேசியை நீட்டினாள். திரையில் ஒரு ரோபோ இன்னொரு ரோபோவைத் தூக்கிக் கட்டடத்தின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், இவன் சோறு தின்னுறதுக்கும் இதுதான் வேணுமாம். நாலு வயசுப் பிள்ளைக்கு இதைக் காட்டலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெருவிரல் தானாகப் போய் அந்தப் போனின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டது. அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்து, "காது வலிக்கா டீச்சர்?" என்று கேட்டாள். காதுக்கு ஒன்றுமில்லை. அது விரலின் பழைய பழக்கம்.

அந்தப் பழக்கம் வந்த கதையை உங்களுக்குச் சொல்வதென்றால், வெயிலில் வெந்த தறப்பாள் கூடாரத்தின் மணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ரப்பரைச் சுட்டு, ஈரத் துணியால் மூடி வைத்த மாதிரி ஒரு மணம். சுனாமியாகக் கடல் வந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, மாங்கேணிச் சனமும் அயல் ஊர்ச் சனமும் காட்டுவழியாக நடந்தே வந்து, வாவிக்கரையோர வெளியொன்றில் அந்தத் தறப்பாள்களுக்குக் கீழே குந்தியிருந்தார்கள். நான் மண்டூரிலிருந்து அந்த முகாமின் முன்பள்ளிக்கு வேலைக்குப் போனேன். வயது இருபத்திரண்டு. கையில் பத்து நாள் பயிற்சிக்கான சான்றிதழ். குழந்தை மனம் பற்றி உலகத்தில் இனி எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை என்ற நினைப்பு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது நடையே வேறு.

அந்த நடையைக் குறுக்க வைத்தவள் துஷா. ஐந்து வயதுப் பிள்ளை. முன்பள்ளிக் கொட்டிலில் எங்களுக்கிருந்தது ஒரேயொரு மேசை. அதற்குக் கீழேதான் அவளுடைய இடம். பானை மூடி விழுந்தால், தண்ணீர் லொறி கதவை அடித்துச் சாத்தினால், யாராவது பலமாகத் தும்மினால்கூட, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். பிறகு பாட்டும் எடுபடாது, பிஸ்கட்டும் எடுபடாது. என் பத்து நாள் பயிற்சியும் எடுபடவில்லை. அவளுடைய தகப்பனைக் கடல் தோணியோடு கொண்டுபோயிருந்தது. தாய் யோகக்கா மட்டும் வந்து தரையில் படுத்து, மேசைக்குக் கீழே கையை நீட்டியபடி பேசாமல் கிடப்பாள். துஷா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வருவாள்.

இப்படியிருக்கும்போதுதான் ஏறாவூரில் சீடிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, ஓட்டோவில் வந்து இறங்கினார். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, சீடி போடுகிற ஒரு டெக், ஒரு பெட்டி நிறையச் சீடி. "புள்ளையளுக்குப் பொழுது போகட்டும் டீச்சர்" என்றார். சீடி எல்லாம் ஒரே கார்ட்டூன் தொடர். உறையில் இருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்தென்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. படத்தில் ஒரு பெரிய நீல ரோபோ கையை முறுக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வயர் இழுத்து அன்றைக்கே போட்டேன். யாரையும் கேட்கவில்லை, நானும் முதலில் பார்க்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் ஏதோ வெடித்தது. பாதிப் பிள்ளைகள் கைதட்டின. மீதிப் பாதி சிதறி ஓடியது. துஷா மத்தியானம் வரை மேசைக்குக் கீழேயிருந்து வரவில்லை.

தாய்மார் கூடிவிட்டார்கள். "நாங்க பட்ட சத்தம் காணாதா டீச்சர்? அதைப் பெட்டியில வேற போட்டுக் காட்டணுமா?" என்று யோகக்கா கேட்டாள். அவள் சத்தம் போடவில்லை; அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. ஆனால் இன்னொரு தாய் முன்னுக்கு வந்து, "என்ர மகன் இஞ்ச வந்த நாளையில இருந்து இண்டைக்குத்தான் டீச்சர் சிரிச்சவன். அதையும் நிப்பாட்டப் போறீங்களா?" என்று அழுதாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

செய்தி முன்பள்ளியை நடத்திய நிறுவனத்துக்குப் போனது. மேற்பார்வைக்கு வருகிற மெடம் ஒரு படிவம் கொண்டுவந்தார். 'ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உகந்தது', 'உகந்ததல்ல' என்று இரண்டு கட்டம். "பார்த்திட்டு ஒண்டில அடையாளம் போடுங்க. அடுத்த கிழமை வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனியாகத் தீர்ப்புச் சொல்ல எனக்குப் பயம். யோகக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன். நானாவின் கடையில் சூடான பிளாஸ்டிக்கும் இஞ்சிப் பிளேன்டீயும் கலந்து மணத்தது. மூன்று கதிரை போட்டு முதலாவது சீடியிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். நான் கொப்பியில் அடி, உதை, வெடி என்று கோடு கிழித்து வைத்திருந்தேன். மூன்றாவது சீடியில் நீல ரோபோவின் கை கழன்று விழுந்தபோது, "ஐயோ!" என்று எழும்பிவிட்டேன். கொப்பி எங்கே விழுந்ததோ தெரியாது. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு காலமா வாடகைக்கு விட்டன், ஒருநாளும் இருந்து பார்க்கல்லயே" என்றார். யோகக்கா மட்டும் கல் மாதிரி இருந்தாள்.

ஏழாவது சீடியில் ஒரு பெரிய இயந்திரம் கடலுக்குள்ளிருந்து எழும்பியது. தண்ணீர் கரைவீதிக்கு ஏறியது; சனம் ஓடியது. யோகக்கா எழும்பிப் போய் டெக்கை நிறுத்தினாள். சீடியை எடுத்து மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இது வேணாம் டீச்சர். இதுல தண்ணி வருது."

நானா தலையாட்டிவிட்டு அடுத்த உறையைத் திறந்தார். அந்தச் சீடி முகாமுக்குத் திரும்பி வரவேயில்லை.

எட்டாவதைப் போட்டபோது பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நானா வழக்கம்போலச் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். படம் மட்டும் ஓடியது. பாங்கு முடியும்வரை பொறுத்திருந்து யோகக்கா சிரித்தாள். இரண்டு தோளும் குலுங்க ஒரு சிரிப்பு. அவள் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

"இஞ்ச பாருங்க டீச்சர், சத்தம் இல்லாட்டி இவன் நேத்து நடக்கப் பழகின புள்ள மாதிரித்தானே கிடக்கு! பாவம், விழப்போறான்!" பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: "சத்தந்தான் பேய். இவன் பேயில்ல."

அடுத்த நாள் கொட்டிலில் சத்தமில்லாமல் போட்டோம். தாய்மாரையும் பிள்ளைகளோடு இருத்தினோம். கொஞ்ச நேரம் பிள்ளைகள் திகைத்துப் பார்த்தன. பிறகு ஒரு பொடியன் வாயால் "டும்" என்றான். அவ்வளவுதான். அறுபது பிள்ளைகளும் டும், டமார், கிறீச் என்று தொடங்கிவிட்டன. ரோபோ பேசினால் ஆளுக்கொரு வசனம். "நான் சாப்பிட்டுட்டன், நீ சாப்பிட்டியா?" என்று நீல ரோபோ எதிரியைக் கேட்டது. அதற்கு இரும்பு மாமா என்று பெயரும் வைத்தாயிற்று. இரண்டு பேர் உண்மையாகவே உதைபட்டதும் நான் ஒரு சட்டம் போட்டேன்: இரும்பு மாமா ஆளைத் தொடக்கூடாது, சத்தம் மட்டும் போடலாம்.

மூன்றாம் நாள் மேசைக்குக் கீழேயிருந்து சின்னதாக ஒரு "டும்" வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நான் கண்ணைக் காட்டினேன். நான்காம் நாள் இரண்டு கால் வெளியே தெரிந்தது. ஐந்தாம் நாள் துஷா முன்வரிசையில் இருந்தாள். அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருக்குமென்று யார் கண்டது!

மெடம் வந்தபோது படிவத்தில் நான் ஒரு கட்டத்திலும் அடையாளம் போட்டிருக்கவில்லை. பின்பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். "கேட்டது ஒரு அடையாளம். கட்டுரையா கேட்டன்?" என்று ஏசினார். "இருந்து பாருங்க மெடம்" என்றேன். பிள்ளைகள் முழு வேகத்தில் இருக்கும்போது வாவிப் பக்கமிருந்து ஒரு இராணுவ ஹெலிகொப்டர் தாழப் பறந்து வந்தது. தறப்பாள் நடுங்கியது. பெரியவர்கள் எல்லாரும் உறைந்துபோனோம். மெடம் மேசை ஓரமாகக் குனிந்துவிட்டார். என் கண் துஷாவைத் தேடியது.

அவள் எழும்பி நின்றாள். இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்து, "டூ...ம்ம்ம்!" என்று கத்தினாள். பக்கத்துப் பிள்ளை எழும்பியது. பிறகு எல்லாரும். அறுபது தொண்டையும் சேர்ந்து போட்ட சத்தத்தில் எனக்கு அந்த ஹெலியின் இரைச்சல் கேட்கவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன், கேட்கவில்லை. அது தூரப் போனதும், தாங்களே துரத்திவிட்ட மாதிரிக் கைதட்டித் துள்ளினார்கள். யோகக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளோ சிரித்தாளோ, அவளுக்கே தெரிந்திருக்காது.

மெடம் சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பி என்னிடம் பேனை கேட்டார். 'உகந்தது' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு, பக்கத்தில் 'சத்தமின்றி, தாய்மாருடன்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார்.

சண்டை ஓய்ந்து சனம் ஊருக்குத் திரும்பியது. முகாம் இருந்த வெளியில் இப்போது மாடு மேய்கிறது. நானா வயதாகி மௌத்தாகிவிட்டார். கடையில் அவருடைய மகன் போன் உறை விற்கிறான். சீடி என்றால் அவன் பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாது. அந்தத் தொடரின் உண்மைப் பெயரை நாங்கள் கடைசிவரை அறியவில்லை.

சென்ற ஆண்டு மாங்கேணியில் ஒரு கல்யாண வீட்டில் துஷாவைக் கண்டேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலையாம். வெடி கொளுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று, சிநேகிதிகளோடு பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பழைய நினைப்பில், "நீ மேசைக்குக் கீழ ஒளிக்கிறது ஞாபகம் இருக்கா புள்ள?" என்று கேட்டுவிட்டேன்.

"நானா? மேசைக்குக் கீழயா? அது வேற யாரோ ஒரு புள்ளையா இருக்கும் டீச்சர்" என்று அவள் மறுபடி சிரித்தாள். பக்கத்தில் நின்ற யோகக்கா என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

நான் சொல்லவில்லை. துஷா சொன்னதும் சரிதான். மேசைக்குக் கீழே இருந்த அந்தப் பிள்ளையை யோகக்காவும் நானும் நன்றாக அறிவோம். இனி எங்கே தேடினாலும் அவள் கிடைக்கமாட்டாள்.