நெட் போனதால் பிழைத்த வீடியோ

ஜூன் மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை. அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் நல்ல மழை. என் தங்கை சபீனா கார் பந்தய விளையாட்டை ஆடிக்கொண்டே பேசி, அதை வீடியோவாக இணையத்தில் போடுபவள். அவற்றில் அதிகம் பேர் பார்த்த வீடியோவுக்கு, அதில் வரும் ஒரு பாட்டுக்குக் காப்பிரைட் புகார் என்று மெயில் வந்தது.

“அக்கா, சேனலையே மூடிடுவாங்க!” என்று அழுதபடி, வீடியோவை அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். அந்த நொடியில் நெட் போய்விட்டது.

“அரே, ருக்கோ! நில்லுடி, முதல்ல மெயிலை முழுசாப் படிடி” என்றேன்.

ஏற்கெனவே திறந்திருந்த மெயிலைப் படித்தோம். விளையாட்டில் வரும் காரின் ரேடியோவில் ஓடிய பாட்டுதான் காரணம். சேனலுக்கு ஆபத்தில்லை, பாட்டை மட்டும் நீக்கினால் போதும் என்றிருந்தது. நெட் வந்ததும் பதறிப்போய்ப் பார்த்தோம்; வீடியோ அழியாமல் இருந்தது.

“நெட் போனதுக்கு இன்னிக்குத்தான் ஷுக்ரியா சொல்றேன்” என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் ரேடியோவை அணைத்த பிறகே சபீனா காரைக் கிளப்புகிறாள். எந்த மெயில் வந்தாலும், நான் கடைசி வரிவரை உரக்கப் படித்து முடிக்கும்வரை அவள் கை பொத்தான் பக்கம் போவதில்லை.