பித்தளை முறம்

பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்த ரயிலில் நான் அம்மாவின் மடியில் இருந்தேன். பித்தளை முறம் துணி மூட்டைக்குள் இருந்தது. முறம் இன்னும் பீகார் முறமாகவே இருக்கிறது. நான்தான் பள்ளிக்கூடம் சேர்ந்ததுமே தமிழச்சியாகிவிட்டேன்.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் அம்மாவுக்குச் சூரிய விரதம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முறத்தில் கரும்பும் பழமும் ஏந்தி, மறைகிற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் காட்டுவாள். மற்ற நாளெல்லாம் முறம் பரண்மேல் இருக்கும். விலக்கான நாட்களில் நாங்கள் அந்தப் பக்கம் கைநீட்ட மாட்டோம். "எனக்கு முடியாத வருஷம் இது உன் கைக்கு வரும், நீ தண்ணீரில் நிற்பாய்" என்பாள் அம்மா. நானும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டுவேன்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பெரியவளானாள்.

"கண்ணு, சீர்த்தட்டு ஒத்தப்படையில வேணும், ஒண்ணு குறையுது. உங்கூட்டுல பித்தளையில ஏதாச்சும் இருக்குதா?" என்று அக்கா கேட்டார்.

"இருக்குதுங்கக்கா" என்று சொல்லிப் பரணில் ஏறிவிட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால் கூடாது என்பாள், அதனால்தான் கேட்கவில்லை. மஞ்சளும் பூவும் வைக்கிற சடங்கில் தீட்டு எங்கே வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புளி போட்டுத் தேய்த்ததும் முறம் தகதகவென்று மின்னியது. அதில் வளையலும் பட்டுப்பாவாடையும் அடுக்கி, "நம்மூட்டுப் புள்ளையாட்டவே இருக்கறயே சாமி" என்றார் அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மேளத்தோடு சீர் வந்த நேரத்தில் அம்மா வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தாள். அந்தப் பெண்ணின் தாய்மாமன் மனைவி கையில் தன் முறத்தைப் பார்த்தாள். அக்கா நீட்டிய சந்தனத்தைச் சிரித்தபடியே எடுத்துக்கொண்டாள். சீர் முடிந்து நான் கொண்டுவந்த முறத்தை வாங்கிப் பரணில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கத்தியிருக்கலாம், நாலு அடிகூட அடித்திருக்கலாம். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

விரதத்தன்று அம்மா சந்தையில் வாங்கிய மூங்கில் முறத்தோடு குளத்தில் இறங்கினாள். கரையில் நின்ற எனக்குச் சூரியனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை விரதம் முடித்து வீட்டுக்கு வந்தவள், பித்தளை முறத்தைப் பரணிலிருந்து இறக்கி என் மடியில் வைத்தாள். என்னிடம் எப்போதும் எங்கள் பாஷையில்தான் பேசுவாள். அன்று தமிழில் சொன்னாள்:

"நீ வெச்சுக்கோ. உங்க ஊர்ல சீருக்கு ஆகும்."