ஸ்டென்சிலில் ஒரு கையெழுத்து

அறுபதுகளில் திருச்சியில் ஒரு கல்லூரியின் கணிதம், புள்ளியியல் துறையில் நான் தற்காலிக அட்டெண்டராக இருந்தேன். என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். கணக்குக் குறிகள் டைப்ரைட்டரில் கிடையாது என்பதால், வெள்ளிக்கிழமை செமினார்களுக்கான குறிப்புகளை ஸ்டென்சிலில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மெழுகுத் தாளில் ஊசிமுனைப் பேனாவால் கீறி, சைக்ளோஸ்டைல் மெஷினில் ஏற்றி, முப்பது பிரதி உருட்டுவேன்.

யாருக்கும் தெரியாமல் இன்னொரு வேலையும் செய்தேன். பேசப்போகிறவர்கள் அவசரமாகக் கிறுக்கித் தருவார்கள். ஒரு வரியில் இருந்த கழித்தல் குறி அடுத்த வரியில் காணாமல் போயிருக்கும். அர்த்தம் எனக்குப் புரியாது. ஆனால் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எது குறைகிறது என்று தெரியும். சத்தமில்லாமல் சரிசெய்து எழுதிவிடுவேன். சொல்லிக்காட்டக் கூச்சம்.

புள்ளியியல் லெக்சரர் ஒருவர், மூன்று மணி செமினாருக்கு ஒன்றரை மணிக்குத்தான் தாளைத் தருவார். அன்றும் அப்படித்தான். நிதானமாகப் பார்க்க நேரமில்லை. இருந்ததை இருந்தபடி எழுதினேன். செமினார் நடுவில் எங்கள் டிபார்ட்மெண்ட் ஹெட் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்த இடத்துல மைனஸ் எங்க போச்சு?”

லெக்சரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அட்டெண்டர் விட்டுட்டான் சார். ஸ்கூல் படிப்பு. மைனஸைத் தூசின்னு நெனச்சு ஊதித் தள்ளியிருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் காபித் தட்டோடு பின்வரிசையில் நின்றிருந்தேன். அவர் எழுதித் தந்த தாள் பக்கத்து அறையில் என் மேஜை டிராயரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து காட்டியிருக்கலாம். காபி டம்ளர்களை வரிசையாக நீட்டிக்கொண்டே போனேன். கூட்டம் முடிந்ததும் டிராயரைத் திறந்தேன். தாள் இல்லை. லெக்சரர் எனக்கு முன்னால் வந்து எடுத்துப் போயிருந்தார்.

என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அந்த மாதம் ஹெட் எழுதுவதாக இருந்தார். மறுநாள் கூப்பிட்டு, “வேலையில கவனம் இல்லேப்பா. அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்குப் பஸ்ஸில் போகையில் காவேரிப் பாலம் முழுவதும் நான் மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். ஹெட் முன்னால் பேச வேண்டியதையெல்லாம் ஜன்னல் கம்பியிடம் பேசினேன்.

நாலு மாதம் காத்திருந்தேன். அதே லெக்சரர் பேச, மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் கேட்க வருவதாக ஏற்பாடு. இம்முறை முதல் நாளே தாள் வந்தது. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் மூட்டைகளின் எடையை வைத்துப் பெரிய அட்டவணை. குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் மூலையில் ஒரே எண் வர வேண்டும். வரவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பேனாவை எடுத்து, அவர் தப்பை ஒரு புள்ளி மாறாமல் எழுதினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று இங்கிலீஷில் எழுதி, ஸ்டென்சிலை அவரிடம் கொண்டுபோனேன்.

“சார், ஒரு தடவை பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது.”

“இதுல போட்டா எல்லாப் பிரதியிலயும் விழுமாப்பா?”

“விழும் சார்.”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வரி படிக்கவில்லை. என் ஊசிப்பேனாவை வாங்கி, கீழே கோடிழுத்து, அழகாகப் போட்டுக் கொடுத்தார். ‘படிங்க சார்’ என்று இன்னொரு முறை நான் சொல்லவில்லை.

மெட்ராஸ்காரர் வந்த பத்தாவது நிமிஷம் பென்சிலால் கூட்ட ஆரம்பித்தார். “மூலையில இடிக்குதே?” என்றார்.

“அட்டெண்டர் காப்பி பண்ணினது சார். அவனுக்கு...”

மெட்ராஸ்காரர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “இது யார் கையெழுத்து?”

முப்பது பேரும் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நாலு மாதமென்ன, நாலு வருடம்கூடக் காத்திருப்பேன். இந்த முறை அவருடைய தாள் என் சட்டைப்பைக்குள் இருந்தது. வெளியே எடுக்க அவசியமே வரவில்லை.

சாயங்காலம் ஹெட் கேட்டார்: “தப்புன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“சொல்லியிருக்கலாமே?”

பழைய செமினாரில் மைனஸ் போனதைப் பற்றியும் அவரே கேட்டார். அப்போதுதான் வாய் திறந்து நடந்ததைச் சொன்னேன். அந்த வாரமே என் பெயரை நிரந்தரத்துக்கு அனுப்பினார். இனி எழுதித் தந்தவர் அட்டெண்டர் பக்கத்தில் நின்று வரிவரியாகச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

அந்த லெக்சரர் அடுத்த முறை வந்தபோது என் அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதன்மேல் ஸ்டென்சில் டப்பாக்களை அடுக்கிவைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் நின்றார். நான் உட்கார்ந்து, வழக்கத்தைவிட மெதுவாக எழுதினேன்.