விளக்கெண்ணெய் குடித்த கார்

பங்குனி வெயிலில் அந்தக் காரின் தோல் இருக்கையில் உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்புறம் பசை தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது 'சர்ரக்' என்று சத்தம் வரும், கூடவே எலிப்புழுக்கையும் புளித்தூசியும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாடை கிளம்பி, பாவாடையோடு வீடு வரைக்கும் வந்து அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குப் பத்து வயதிருக்கும். ஊர் வாணியம்பாடி என்றாலும், மாசி பிறந்ததும் எங்கள் குடும்பம் மூட்டை முடிச்சோடு ஜவ்வாது மலையேறிவிடும். அத்தா மலைக்காரர்களின் புளிய மரங்களைக் குத்தகைக்குப் பேசி வைத்திருப்பார். புளியை உலுக்கி, காயவைத்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டி ஆலங்காயத்துக்கு அனுப்பி முடிகிறவரை, காவலூருக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் வாடகைக் குடிசைதான் எங்களுக்கு வூடு. குடிசைக்கு எதிரே எங்களுக்கு மரங்களைக் குத்தகைக்கு விட்ட கவுண்டர் ஆண்டியப்பனின் கொட்டகை. அதற்குள், சாமைக் குதிருக்குப் பக்கத்தில், நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது அந்தக் கார்.

நீண்ட மூக்கு, மேலே கூரை கிடையாது, சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பி வைத்த சக்கரங்கள், உட்கார இரண்டே இரண்டு இடம். பந்தயத்தில் ஓட்டுகிற ஜாதி என்பார் அத்தா. காட்டு மரங்களை அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை அதை ஆசை ஆசையாக மலைக்கு ஓட்டி வந்திருக்கிறார். அது பாதி வழியில் மூச்சை விட்டுவிட, மிச்ச தூரத்தை ஆண்டியப்பக் கவுண்டரின் மாடுகள்தான் இழுத்து வந்தன. ஊருக்குப் போகும்போது துரை காரைக் கவுண்டரிடமே கொடுத்துவிட்டு, 'பத்திரம்' என்று மட்டும் சொல்லிப் போனாராம். அந்த ஒரு சொல்லுக்காகக் கவுண்டர் அதற்கு மழை படாமல் கொட்டகை போட்டார். தானியம் இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நுழையக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகவே அந்தக் காரில் உட்காருகிறவர்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் உட்கார வேண்டும்.

அந்த வருஷம் கவுண்டரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருக்க அந்தக் கொட்டகைதான் வீடாக வேண்டும். காயலான் கடைக்காரர்கள் வந்து கேட்டபோது கவுண்டர் மறுத்துவிட்டார். "ஒடச்சிப் போடறவனுக்குக் குடுக்க மாட்டேன் பாய். நீங்க எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோங்க, மழைக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார் அத்தாவிடம். அவர் கேட்டதும் பெரிய விலை இல்லை, குத்தகையில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும் என்றார்.

அத்தாவுக்கு அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்பதைச் சொல்ல வேண்டும். புளி வியாபாரத்துக்கு வருவதற்கு முன் அவர் வாணியம்பாடியில் தோல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மலை இறங்குகிற ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து, கூட வந்த கிளீனர் மஸ்தான் இறந்துபோனார். தப்பு லாரியுடையது என்று எல்லோரும் சொன்னார்கள். மஸ்தானின் வீட்டாரே சொன்னார்கள். அதன்பின் அத்தா ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, சிரிப்பதும் குறைந்துபோனது.

அப்படிப்பட்டவர் அந்தப் பருவம் முழுக்க, மாலையில் கடைசி மூட்டையைத் தைத்ததும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்து இருக்கை எனக்கு. "எங்கம்மா போலாம், சொல்லு?" என்பார். நான் ஆம்பூர் என்பேன், திருப்பத்தூர் என்பேன், ஒருநாள் மக்கா என்றுகூடச் சொன்னேன். அவர் வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டு, கியர் மாற்றி, குறுக்கே வந்த ஆட்டுக்காரனை "ஓரமா போய்யா" என்று வைது, என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். மலை இறங்குகிற ரோடு மட்டும் எங்கள் பயணத்தில் வந்ததே இல்லை. கார் எப்போதும் சமவெளியிலிருந்துதான் கிளம்பும். சின்னப் பெண்ணான எனக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வாங்கலாமா வேண்டாமா என்பது ஊர்ப்பேச்சாகிவிட்டது. புளி வாங்க வந்த வாணியம்பாடிக்காரர்கள் ஒவ்வொருவரும் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார்கள். தோல் பதனிடுகிற ஊர்க்காரர்கள் அல்லவா, ஒருவராவது இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டுமே! எல்லோரும் நேராக இருக்கையிடம் போய், கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்து, "நல்ல பதம் பாய், தாராளமா வாங்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாதான் நேரடியாகக் கேட்டாள்.

"இன்னாங்க இது, அஞ்சு பேர் இருக்கற வூட்டுக்கு ரெண்டு பேர் உக்கார்ற வண்டியா? அதுவும் ஓடாத வண்டி!"

"ஓடலன்னா இன்னா? நிக்கட்டுமே" என்றார் அத்தா.

அவர் உள்ளதைத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் அது விளையாட்டுப் பேச்சாகப் பட்டது.

கவுண்டர் காரைப் பராமரித்த விதம் வெளியே வந்தது ஒரு மத்தியானத்தில். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு வயிறு சுத்தமாக மூங்கில் குழாயால் விளக்கெண்ணெய் புகட்டுவது அவர்கள் வழக்கம். அந்த வரிசையில் வருஷந்தவறாமல் காரையும் சேர்த்திருக்கிறார். இன்ஜினில் எங்கெல்லாம் மூடி திறந்ததோ அங்கெல்லாம் குழாயை வைத்து ஊற்றியிருக்கிறார். "வாயின்னு ஒண்ணு இருந்தா எதுனா குடுக்கணும் இல்லீங்களா பாய்?" என்றார், தப்பேதும் செய்ததாக நினைக்காமல். ஒன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பது என்பார்கள். இவர் அதற்குமேல் ஒரு படி போய்விட்டார். அதைக் கேட்டு அத்தா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கண்ணீர் வரச் சிரித்து, கவுண்டரின் தோளைத் தட்டி, "போச்சு கவுண்டரே, இனிமே இது எந்தக் காலத்துலயும் ஓடாது" என்றார். அன்று சாயங்காலமே அம்மாவிடம், வாங்கிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார்.

அம்மாவும் அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தாள். ஓடாத கார் இவரை இவ்வளவு சிரிக்கவைக்குமென்றால், ஓடினால்? வாணியம்பாடியில் பஸ் ஷெட்டில் பிட்டராக இருந்த தன் தம்பி ரஷீத் மாமாவுக்கு, புளி ஏற்றிப்போன வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினாள். அத்தாவுக்குத் தெரியாமல்தான். அவள் ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கும்போது அப்படித்தான் கொடுப்பாள், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

மாமா பேட்டரியும் பெட்ரோல் டின்னுமாக வந்து, அத்தா தோப்புக்குப் போயிருந்த நேரமெல்லாம் கொட்டகையில் கிடந்தார். டாங்கியைக் கழுவினார், பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார், கடைசியில் எண்ணெய்க் கையோடு வந்து அம்மாவிடம், "அக்கா, அந்தாளு ஊத்துன எண்ணெயாலதான் உள்ள துருவே புடிக்கல. அதுதான் வண்டியக் காப்பாத்தியிருக்குது" என்றார். அம்மா எங்கள் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

அன்று மாலை அத்தா வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். "எங்கம்மா போலாம்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, முன்னால் குனிந்திருந்த மாமா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு வெடி. கோழிகள் சிதறி ஓட, வெள்ளைப் புகை கொட்டகையை நிறைக்க, கார் முழுவதும் உயிர் வந்து நடுங்கியது. ஊரே கைதட்டியது. கவுண்டர் கும்பிட்டார். நான் அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. முகம் வியர்த்து ஊற்றியது. உதடு மட்டும் "மஸ்தானு, குதிச்சிடுடா" என்றது. அது என் காதில் மட்டும்தான் விழுந்தது.

மாமா இன்ஜினை நிறுத்தியதும் அவர் இறங்கினார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, கோபமில்லாமல், களைத்துப்போன குரலில், "வேணாம், கவுண்டர்கிட்ட சொல்லிடு" என்றார். ஏன் என்று மாமா கேட்டார், கவுண்டர் கேட்டார். ரெண்டு பேர் உட்காருகிற வண்டி குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மாவின் காரணத்தையே அவர் எல்லோருக்கும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அடுத்த மாசியில் நாங்கள் போனபோது அங்கே புது மருமகள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டிப்போகிற ஒருவருக்குத்தான் கொடுத்ததாகக் கவுண்டர் அத்தாவிடம் ஆறுதல்போலச் சொன்னார். அத்தா அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். எங்கே போனாலும் பஸ்ஸில், கடைசி வரிசையில் உட்கார்ந்துதான் போவார்.

போன வருஷம் என் மகன் அம்மாவையும் என்னையும் அவனுடைய காரில் மலைக்குக் கூட்டிப்போனான். வழவழவென்று ரோடு, காவலூரில் வானம் பார்க்கிற பெரிய தொலைநோக்கியைக் காணப் போகிற வண்டிகள், வளைவுக்கு வளைவு கண்ணாடி. கொட்டகை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. புளியமரங்களில் பாதி இல்லை, கவுண்டரின் வாரிசுகள் திருப்பத்தூர்ப் பக்கம் இறங்கிவிட்டார்களாம். தோராயமாக ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். தொண்ணூறைத் தொடுகிற அம்மா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தா அன்று முணுமுணுத்ததை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் எப்போதோ தானாகவே கண்டுகொண்டிருக்கிறாள்.

"நல்லதுன்னு நெனச்சுதான் தம்பிய வரச் சொன்னேன்" என்றாள். "அது பாட்டுக்கு நின்னுனு இருந்திருந்தா, அவரு பாட்டுக்கு உக்காந்துனு இருந்திருப்பாரு."